எரிமலைத் தீவில் ஒரு முருகன் கோயில்: ஃபிஜிக்குப் போகிறவர்களுக்கு

பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்று பாடினாரே, அந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் பாட்டை மனப்பாடம் செய்தவர்களில் சிலர் இலங்கை என்பார்கள், சிலர் மலேயா என்பார்கள். அது ஃபிஜி. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் பெருங்கடலில், எரிமலைகள் கக்கிய கல்லால் உருவான தீவுக் கூட்டம். பாப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, நியூ கலிடோனியா, ஃபிஜி எல்லாம் சேர்ந்த பகுதிக்கு மெலனீசியா என்று பெயர். அதில் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறி, கோயில் கட்டி, சங்கம் வைத்து, நூறு ஆண்டுக்கும் மேலாக வாழ்கிற நாடு ஃபிஜி.

உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி பக்கத்திலிருந்து வெளிநாடு போகிறவர்கள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். ஃபிஜி என்ற பெயர் தேன்நிலவு விளம்பரத்தில் மட்டும் காதில் விழுகிறது: நீலக் கடல், வெள்ளை மணல், தென்னைக்கு நடுவே கட்டிய ஊஞ்சல். அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் ஃபிஜியில் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அந்தத் தீவின் மலை எப்படி உண்டானது, அந்த மலையால் மழை எங்கே பெய்கிறது, மழையைப் பார்த்துக் கரும்பை எங்கே நட்டார்கள், கரும்புக்காக நம் ஆட்களை எங்கே கொண்டுபோய் இறக்கினார்கள் என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகிற கதை அது. அதைத் தெரிந்துகொண்டு போனால் பயணத்துக்குப் பொருள் இருக்கும்.

முதலில் மண். ஃபிஜியில் 330க்கு மேற்பட்ட தீவுகள் உண்டு. அவற்றில் மக்கள் வசிப்பவை நூற்றுச் சொச்சம். விட்டி லெவு, வனுவா லெவு என்ற இரண்டும் பெரியவை. தலைநகர் சுவா, பன்னாட்டு விமான நிலையம் உள்ள நாந்தி, சர்க்கரை ஆலை நகரமான லௌடோகா மூன்றும் விட்டி லெவுவில் இருக்கின்றன. நாட்டின் மொத்தப் பரப்பு சுமார் 18,300 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஒன்பது லட்சத்தை ஒட்டியது. விட்டி லெவுவின் நடுவில் நிற்கும் தோமானிவி 1,324 மீட்டர் உயரம், நாட்டிலேயே உயர்ந்த சிகரம். அது அணைந்துபோன எரிமலை.

நம் கல்வராயன் மலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த மலைகள் வேறு மாதிரித் தெரியும். கல்வராயன் மலையின் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை; வயது இருநூற்றைம்பது கோடி ஆண்டுக்கு மேல். அதற்கு முன்னால் விட்டி லெவு நேற்றுப் பிறந்த குழந்தை. அதன் மிகப் பழைய பாறைக்கே நான்கு கோடி ஆண்டுதான் ஆகிறது. மூன்றாவது பெரிய தீவான தவெயூனி இன்னும் இளையது: பத்து லட்சம் ஆண்டுகூட ஆகாத, கவிழ்த்து வைத்த தாம்பாளம் போலப் பரந்து சரிந்த எரிமலை. அது கடைசியாகக் குழம்பு கக்கியது பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் என்று நிலவியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். விஜயநகரப் பேரரசு இங்கே இருந்த காலம் அது. கண்டாவு தீவின் எரிமலை அதற்கும் நூறு ஆண்டுக்குப் பின்னால் ஓய்ந்தது.

ஏன் அங்கே இத்தனை எரிமலை? பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது. ஃபிஜி இருக்கும் இடத்தில் பசிபிக் தட்டும் ஆஸ்திரேலியத் தட்டும் மோதுகின்றன. ஒன்று மற்றொன்றின் அடியில் புதையும்போது அடிப்பாறை உருகி மேலே வருகிறது. முன்னொரு காலத்தில் அந்தப் புதைவு ஃபிஜிக்கு நேர் கீழே நடந்தது. பிறகு அது விலகிப்போய், இப்போது கிழக்கே டோங்கா பக்கமும் மேற்கே வனுவாட்டு பக்கமும் நடக்கிறது. அதனால் ஃபிஜியின் மலைகள் அடங்கிக் கிடக்கின்றன; இருபுறத்து அண்டை வீடும் எரிகிறது. 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தபோது அந்தச் சத்தம் ஃபிஜியில் தெளிவாகக் கேட்டது. ஃபிஜியின் கிழக்குத் தீவுகளில் கடல் உள்ளே ஏறியது.

எனவே நெருப்பைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் ஃபிஜியில் ஏமாந்துபோவார்கள். அதற்கு வனுவாட்டுவின் தன்னா தீவுக்குப் போக வேண்டும். அங்கே 361 மீட்டர் உயரமுள்ள யாசுர் எரிமலை, 1774இல் கேப்டன் குக் அதன் வெளிச்சத்தைக் கடலிலிருந்து கண்டது முதல் இன்றுவரை விட்டு விட்டுக் கக்கிக்கொண்டே இருக்கிறது. விளிம்புவரை ஏற விடுகிறார்கள். ஆனால் அரசு அறிவிக்கும் அபாய அளவைப் பார்த்துத்தான் ஏற வேண்டும். வழிகாட்டி போதும் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் இறங்க வேண்டும். இந்தியாவிலும் ஒரு விழித்த எரிமலை உண்டு, அந்தமானில் பேரன் தீவு. அதில் சுற்றுலாப் பயணிகள் கால் வைக்க அனுமதியில்லை.

ஃபிஜியில் பூமியின் சூட்டை வேறு விதமாகப் பார்க்கலாம். வனுவா லெவுவில் சவுசவு என்ற சின்ன ஊர். கடற்கரையை ஒட்டிக் கல்லிடுக்கில் தண்ணீர் கொதித்துக் குமிழியிடும், ஆவி எழும். ஊர்க்காரர்கள் கிழங்கைப் பானையிலோ துணியிலோ கட்டி அந்தத் தண்ணீரில் இறக்கிவிட்டு வேறு வேலை பார்க்கப் போவார்கள். வந்து பார்த்தால் வெந்திருக்கும். நாந்திக்குப் பக்கத்தில் சபேத்தோவில் சூடான சேற்றுக் குளம் உண்டு. விட்டி லெவுவின் வடக்கே வதுகௌலா என்ற இடத்தில் பழைய எரிமலையின் வாய்க்குள்ளேயே 1930களிலிருந்து தங்கம் தோண்டுகிறார்கள். எரிமலை ஆறும்போது சுடுநீர் கொண்டுவந்து படிய வைத்த தங்கம் அது.

இனி மழைக்கு வருவோம், ஏனென்றால் நம் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஃபிஜியில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. ஈரம் சுமந்துவரும் காற்றை எரிமலைத் தொடர் மறிக்கிறது. கிழக்குச் சரிவில் மழை கொட்டித் தீர்க்கிறது. சுவாவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவு. மலையைத் தாண்டி மேற்கே நாந்தியில் அது ஏறத்தாழ 1,800தான். நம் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆயிரத்தை ஒட்டி என்பதால் நமக்கு அதுவே மிகுதி. ஆனால் மேற்கில் மே முதல் அக்டோபர்வரை வறண்ட காலம் ஒன்று இருக்கிறது. கரும்பு வளர்வதற்கு மழை வேண்டும், சர்க்கரை ஏறுவதற்கு வெயில் வேண்டும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும் கச்சிராயபாளையம் ஆலைக்கும் கரும்பு வெட்டி அனுப்புகிற விவசாயிக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஈர மண்ணில் நிற்கும் கரும்பில் எடை இருக்கும், சாற்றில் சத்து இருக்காது. அதனால் ஃபிஜியின் கரும்பு மேற்குக் கரையிலும், வனுவா லெவுவின் மழை மறைவுப் பக்கமான லம்பாசாவிலும் நிலைத்தது. இந்திய வம்சாவளியினர் இன்றும் அடர்ந்து வாழ்வது அதே இடங்களில்தான். எரிமலை போட்ட கோட்டின் மேலேயே ஊர்கள் அமைந்துவிட்டன.

அவர்களைக் கொண்டுபோனது பிரிட்டிஷ் அரசு. 1874 அக்டோபர் 10 அன்று ஃபிஜி பிரிட்டிஷ் குடியேற்ற நாடானது. தோட்டங்களில் பூர்வகுடி மக்களைக் கூலி வேலைக்கு இழுக்கக் கூடாது என்று ஆளுநர் ஆர்தர் கார்டன் முடிவெடுத்தார்; அவர்களுக்கு அது நன்மையாயிற்று, சுமை இந்தியர் தலையில் விழுந்தது. 1879 மே 14 அன்று லியோனிதாஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் தொகுதியைக் கொண்டுவந்தது. மெட்ராஸிலிருந்து ஆட்கள் போகத் தொடங்கியது 1903இல். 1916 நவம்பரில் கடைசிக் கப்பல் வருவதற்குள் மொத்தம் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போயிருந்தார்கள். அவர்களில் சுமார் பதினைந்தாயிரம் பேர் மெட்ராஸ் வழியாகப் போனவர்கள். வடார்க்காடு, மெட்ராஸ், தஞ்சாவூர், கோயம்புத்தூர், மலபார், தெலுங்கு மாவட்டங்கள் என்று ஆள் எடுத்தார்கள். பட்டியலில் முன்னால் நிற்பது வடார்க்காடு. அதன் எல்லையைத் தாண்டினால் அந்நாளைய தென்னார்க்காடு, அதாவது நம் மாவட்டம்.

இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி அழைத்துப் போனார். ஊர் நினைப்பு வந்தால் திரும்பி வர முடிந்தது. ஃபிஜிக்கு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும். ‘அக்ரிமென்ட்’ என்பது அவர்கள் வாயில் ‘கிர்மிட்’ ஆனது, போனவர்கள் ‘கிர்மிட்டியா’ ஆனார்கள். ஐந்து ஆண்டு கட்டாய வேலை. ஆணுக்கு நாளுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் என்று தாளில் எழுதியிருந்தது. குறித்த வேலையை முடிக்காத நாளுக்குக் கூலி வெட்டு. பத்து ஆண்டு இருந்தால்தான் இலவசமாகத் திரும்பிவரக் கப்பல். தங்குவதற்குப் பத்தடிக்கு ஏழடி அறை. அதில் மூன்று ஆண்கள், அல்லது ஒரு குடும்பம். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற கணக்கில் அனுப்பினார்கள். அந்தப் பெண்கள் பட்ட பாடுதான் பாரதியாரை அழவைத்தது. 1915இல் சி.எஃப். ஆண்ட்ரூஸும் பியர்சனும் நேரில் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கை இந்தியாவையே உலுக்கியது. 1920 ஜனவரி 1 அன்று ஒப்பந்தங்கள் ரத்தாயின.

பலர் திரும்பவில்லை. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஆர். சர்க்கரை நிறுவனம் பத்து ஏக்கர் துண்டுகளாக நிலத்தைக் குத்தகைக்கு விட, கூலிகளாகப் போனவர்கள் கரும்பு விவசாயிகளானார்கள். 1926இல் சாது குப்புசுவாமி என்பவர் நாந்தியில் ‘தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்’ தொடங்கினார். அவரும் ஒப்பந்தக் கூலியாக அங்கே போனவர். என்னைக் கேட்டால், ஃபிஜிக்குப் போகிற தமிழர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த மனிதரின் பெயரைத்தான். கூலி வேலையிலிருந்து மீண்டவர்கள் முதலில் கேட்டது பள்ளிக்கூடம். சங்கம் கேட்டுக்கொண்டதன் பேரில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகள் வந்தார்கள். 1939இல் வந்த சுவாமி ருத்ரானந்தர் ஃபிஜியிலேயே தங்கி அந்தப் பணியை வளர்த்தார். இன்று சங்கத்தின் கையில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகள், லம்பாசாவில் ஒரு செவிலியர் கல்லூரி. பூர்வகுடிப் பிள்ளைகளும் அவற்றில் படிக்கிறார்கள்.

நாந்தி நகரின் கடைத்தெரு முடிகிற இடத்தில் ஸ்ரீ சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. இப்போதுள்ள கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1994இல். இங்கிருந்து போன ஸ்தபதிகள் நம் சிற்பமுறைப்படி கட்டியது. கோபுரத்தில் ஃபிஜி வெயிலுக்கு ஏற்றாற்போலப் பளீரென்ற வண்ணங்கள், மண்டப மேற்கூரையில் ஓவியங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், அரைக்கால் சட்டையோடு போகக் கூடாது, உள்ளே படம் எடுக்கக் கூடாது. தைப்பூசத்தின்போது போகிறவர்கள் காவடி பார்க்கலாம்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். சுவாவில் மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்டில் தீமிதி நடக்கிறது. விரதம் இருந்து, மஞ்சள் உடுத்தி, கனல் குழியில் இறங்குகிறார்கள். திரௌபதி அம்மன் தீமிதி ஊருக்கு ஊர் நடக்கிற, கூவாகத்தைத் தன் வட்டத்திலேயே வைத்திருக்கிற உளுந்தூர்பேட்டைக்காரர்களுக்கு அது புதிதல்ல. வியப்பு என்னவென்றால், ஃபிஜியின் பூர்வகுடி மக்களுக்கும் தீமிதி உண்டு. சுவாவுக்கு அருகே பெங்கா என்ற தீவு. அதுவும் பழைய எரிமலைதான். அங்குள்ள சவாவு குலத்தார் குழி வெட்டி, எரிமலைக் கற்களை அடுக்கி, மணிக்கணக்கில் கட்டை எரித்துக் கல்லைப் பழுக்க வைத்து, அதன்மேல் வெறுங்காலோடு நடப்பார்கள். நம்மவர்கள் நடப்பது கனலில், அவர்கள் நடப்பது கல்லில். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதல்ல. இரண்டு மரபும் தனித்தனியே வந்து ஒரே நாட்டில் சேர்ந்திருக்கின்றன.

போவது எப்படி? இந்தியாவிலிருந்து நேர் விமானம் இல்லை. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சிங்கப்பூர் போய், அங்கிருந்து நாந்திக்கு விமானம் பிடிப்பது நமக்கு வசதி. உளுந்தூர்பேட்டையிலிருந்து பார்த்தால் சென்னையைவிடத் திருச்சி கிட்டம். சிங்கப்பூரிலிருந்து நாந்திக்குச் சுமார் பத்து மணி நேரம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வழியாகவும் போகலாம். ஆனால் அங்கே மாறிப்போகவே விசா கேட்பார்கள், டிக்கெட் எடுக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிஜிக்குப் போக இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை. இறங்கும்போது நான்கு மாதம்வரை தங்க அனுமதி முத்திரை குத்துகிறார்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், திரும்பிவரும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால் கிளம்புமுன் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. நேரம் நம்மைவிட ஆறரை மணி முன்னால். நாம் காலை ஆறு மணிக்குக் காபி குடிக்கும்போது அங்கே பகல் பன்னிரண்டரை.

ஊறுகாய், வடகம், கருவாடு, விதை, செடி எதையும் சொல்லாமல் கொண்டுபோகாதீர்கள். தீவு நாடு பூச்சிக்கும் நோய்க்கும் அஞ்சுகிறது, மறைத்தால் அபராதம். எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிவிட்டால் அனுமதியில்லாததை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார்கள். போய்ச் சேர்ந்தபின் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. நம் சின்னசேலம் பக்கத்து வயல்களில் நிற்கிற அதே மரவள்ளி அங்கே அன்றாட உணவு. சேப்பங்கிழங்கு இனமும் அப்படியே. பூர்வகுடி மக்கள் குழியில் கல்லைச் சுடவைத்து, இலையில் கட்டிய கிழங்கையும் மீனையும் அதன்மேல் வைத்து மூடி வேகவைப்பார்கள். அதற்கு லோவோ என்று பெயர்.

மே முதல் அக்டோபர்வரை போவது நல்லது. நவம்பர் முதல் ஏப்ரல்வரை புயல் காலம். 2016 பிப்ரவரி 20 அன்று அடித்த வின்ஸ்டன் புயலில் 44 பேர் இறந்தார்கள், ஊர் ஊராகக் கூரை பறந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் கடுமை தெரியும். கடற்கரையில் தங்கும்போது நிலம் ஆடினால் சைரனுக்குக் காத்திருக்க வேண்டாம், மேட்டுக்கு ஓடுங்கள். ஃபிஜியில் மலேரியா இல்லை, டெங்கு உண்டு. வனுவாட்டுக்கும் சேர்த்துப் போகிறவர்கள் மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிராமத்துக்குள் போவதற்கு முறை இருக்கிறது. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 87 சதவீதம் பூர்வகுடிக் குலங்களுக்குச் சொந்தம்; அதை விற்க முடியாது. ஆகவே அருவிக்கோ மலைக்கோ போனாலும் நீங்கள் நிற்பது பெரும்பாலும் ஒரு குலத்தின் மண்ணில். யங்கோனா என்ற வேர்க்கட்டு ஒன்றைச் சந்தையில் வாங்கிக்கொண்டு போய் ஊர்த் தலைவர் முன் வைத்து அனுமதி கேட்க வேண்டும். இது மிளகுக்கும் வெற்றிலைக்கும் பங்காளிச் செடி. மற்ற நாடுகளில் காவா என்பார்கள். வேரை இடித்துத் தூளாக்கி, அகன்ற மரக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுப் பிசைந்து வடிப்பார்கள். சேற்றுத் தண்ணீர் நிறம், மண் வாசம், லேசான காரம். தேங்காய்ச் சிரட்டையில் உங்களுக்கு நீட்டும்போது ஒருமுறை கைதட்டி, ‘பூலா’ என்று சொல்லி, ஒரே மடக்கில் குடித்து, சிரட்டையைக் கொடுத்துவிட்டு மூன்று முறை தட்ட வேண்டும். நாக்கும் உதடும் மரத்துப்போகும். சாராயம் போலப் போதை ஏறாது, உடம்பு தளரும். வண்டி ஓட்டப் போகிறவர்கள் தொடாமல் இருப்பதே சரி. ஊருக்குள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கூடாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். யார் தலையையும், குழந்தை தலையைக்கூட, தொடக் கூடாது.

தமிழ் கேட்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இந்திய வம்சாவளியினர் எல்லாருக்கும் பொதுவான பேச்சு ஃபிஜி இந்தி. கவுண்டர், முதலியார், பிள்ளை, நாயக்கர் என்ற பெயர்கள் இருக்கின்றன. ‘வாலிபர் சங்கம்’, ‘மாதர் சங்கம்’ என்ற பெயர்ப் பலகைகள் இருக்கின்றன. கோயிலில் பாட்டும் மந்திரமும் இருக்கின்றன. வீட்டுப் பேச்சில் தமிழ் பெரும்பாலும் போய்விட்டது. ‘ஏன் தமிழை விட்டுவிட்டீர்கள்’ என்று அவர்களைக் கேட்காதீர்கள். கூலி லைனில் வடக்கத்தியரோடு கலந்து வைக்கப்பட்ட சிறுபான்மை அவர்கள்; இந்தி தெரியாத மெட்ராஸி என்று கேலிக்கு ஆளானவர்கள். முருகனையும் மாரியம்மனையும் காப்பாற்றிக்கொண்டதே பெரிது.

நாடு அவர்களுக்கு எளிதாகவும் இருந்துவிடவில்லை. 1970இல் விடுதலை பெற்ற ஃபிஜியில் 1987, 2000, 2006 ஆண்டுகளில் ராணுவப் புரட்சியும் ஆட்சிக் கவிழ்ப்பும் நடந்தன. முதல் இரண்டும் இந்திய வம்சாவளியினரின் அரசியல் செல்வாக்குக்கு எதிரானவை. கரும்பு நிலத்தின் குத்தகைகளும் காலாவதியாக, ஆயிரக்கணக்கானோர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய்விட்டார்கள். ஒருகாலத்தில் மக்கள்தொகையில் பாதியாக இருந்தவர்கள் இன்று மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். 1987 புரட்சியை நடத்திய சித்திவேனி ரபுகா பிரதமராக மீண்டும் வந்து, 2023 மே மாதம் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டு முதல் கிர்மிட் நாள் அரசு விடுமுறை.

நம் பக்கத்து மக்களிடம் ஒரு வேண்டுகோள். கப்பல் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஒரு அனுமதிச் சீட்டு எழுதினார்கள்: பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடல் அடையாளம், மாவட்டம், தாலுகா, கிராமம். அந்தச் சீட்டுகள் சுவாவில் உள்ள ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நகலை எடுத்துக்கொண்டு பேரப்பிள்ளைகள் ஊரைத் தேடி வருகிறார்கள். அதில் தென்னார்க்காடு என்று இருந்தால் அவர்களுக்குத் தலை சுற்றும், ஏனென்றால் அந்த மாவட்டம் 1993இல் பிரிந்து கடலூர், விழுப்புரம் ஆனது. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. கிராமத்தின் பெயரோ எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது, வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. ஊர்ப் பெரியவர் ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் இன்ன ஊர் என்று பிடிபடும். அப்படி ஒரு நகலோடு யாராவது உளுந்தூர்பேட்டை பேருந்து நிலையத்தில் நின்று விசாரித்தால், தமிழ் பேசவில்லையே என்று பார்க்காமல், கிராம நிர்வாக அலுவலரிடமும் கோயில் பூசாரியிடமும் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.